அவர் முடிக்கும் வரை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது கை கால் மட்டும் போகவில்லை. பேச்சு போயிற்று, விழுங்குவது போயிற்று, முகத்தில் ஈ இருந்தால் அதைக் கலைக்கிற பலமும் போயிற்று. கண் மட்டும் மேலும் கீழும் அசைந்தது. ஆள் உள்ளே முழுதாக இருக்கிறார், வெளியே வர வழியில்லை என்று டொக்டர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். நான் உடனே நம்பினேன். நாற்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அந்தக் கண்ணுக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதா?

கிங்ஸ்பரியில் இருபது வருஷம் பலசரக்குக் கடை நடத்திய மனிதர். கடை எடுக்கலாமா என்று என்னைக் கேட்கவில்லை. ஒரு நாள் கடைப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "கடை எடுத்திட்டன். திங்கக்கிழமை திறக்கிறம்" என்றார். வீடு வாங்கியதும் அப்படித்தான், கடையை விற்றதும் அப்படித்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் சொல்லுவார், நான் செய்வேன். நான் செய்ததில் ஒன்றும் பிழையாய்ப் போனதில்லை.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஆட்கள் வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அவருக்காகத் தாங்களே கதைப்பார்கள்.

"அண்ணைக்குக் குளிருதாம்."

"இல்லை, அண்ணைக்கு ரீவி வேணுமாம்."

வேணுமாம் என்று யார் சொன்னது? எங்கள் சனத்துக்கு இது ஒரு பழக்கம். ஒருவர் சொல்லத் தொடங்கினால் மற்றவர் முடித்துவைப்பார். அதை அன்பு என்று நினைக்கிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்காரர் ஒரு ஆங்கில எழுத்துப் பலகை கொண்டுவந்தார்கள். அவருடைய ஆங்கிலம் கடைக்குப் போதுமானது, அவ்வளவுதான். பலகை கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை ஹரோவில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பிரெஞ்சுப் படம் போட்டாள். உண்மையாய் வாழ்ந்த ஒரு மனிதரின் கதையாம். அவரும் இவரைப் போலத்தான், கட்டிலோடு கட்டிலாக. பிரெஞ்சும் எனக்கு விளங்காது, கீழே ஓடிய ஆங்கிலமும் வாசிக்க வராது. மகள் கதையைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அழவில்லை. அதில் ஒரு பெண் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறாள், அவர் கண்ணைச் சிமிட்டுகிறார், அவள் எழுதிக்கொள்கிறாள். நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தை மூன்று தரம் திரும்பப் போடச் சொன்னேன்.

"இது எனக்கு ஏலும்" என்றேன்.

"அம்மா, ஆங்கிலத்திலை இருபத்தாறு எழுத்து. தமிழிலை இருநூற்று நாற்பத்தேழு. நீங்கள் மூண்டாம் வகுப்பு."

"மூண்டாம் வகுப்பு பாஸ்" என்றேன்.

அதற்குமேல் என்னைப் படிக்க விடவில்லை. தம்பிமாரைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் பாட்டாகப் பாடமாக்கிய எழுத்து வரிசை என் நாக்கை விட்டுப் போகவில்லை. மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிறவள், பெரிய எழுத்து அட்டை ஒன்று தந்தாள். படத்தில் செய்ததுபோல் அதிகம் வருகிற எழுத்துகளை முன்னுக்குப் போடுவோம் என்றாள். நான் மாட்டேன் என்றேன். வரிசை மாறினால் எனக்குத் தடுமாறும், அவருக்கும் தடுமாறும். அவரும் அதே பாட்டுப் பாடிப் படித்தவர்தானே.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். க முதல் ன வரைக்கும் பதினெட்டு. அதை ஆறு ஆறாக மூன்று கட்டாகக் கட்டினேன். முதலில் "அ வரிசையோ?" என்று உயிரெழுத்தைக் கேட்பேன். அவர் கண் மேலே போனால் ஓம், அ, ஆ என்று போவேன். போகாவிட்டால், "முதலாம் கட்டோ? ரெண்டாம் கட்டோ?" கட்டுத் தெரிந்தபின் அதிலுள்ள ஆறு எழுத்து. எழுத்துத் தெரிந்தபின் க், க, கா, கி, கீ என்று போவேன். கண் மேலே போகிற இடத்தில் நிற்பேன்.

அவர் சொன்ன முதலாவது சொல்லுக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. "மீசை."

மூக்கில் குழாய் ஒட்டுவதற்காக மீசையை வழித்துவிட்டார்கள். மூன்று மாதமாக அந்தக் கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்! நான் சிரித்த சிரிப்பில் தாதிப்பிள்ளை ஓடிவந்தாள். "ஹீ ஆஸ்கிங் மூஸ்டாஷ்" என்றேன். அவள் போய் மற்றத் தாதிமாரையும் கூட்டிவந்தாள்.

அன்றைக்கு நான் எனக்கு ஒரு சட்டம் போட்டேன். சொல் பாதியில் விளங்கினாலும் அவர் முடிக்கும் வரை நான் வாய் திறப்பதில்லை.

பிறகு அவரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் வைத்தார்கள். பராமரிப்பு இல்லமா, வீடா? டொக்டர், நகரசபைக் கவுன்சிலில் இருந்து ஒரு பெண், மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி, என் மகன், மகள், நான். அவரைச் சக்கரம் வைத்த சாய்மனைக் கதிரையில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மகன் இல்லம்தான் நல்லது என்றான். "அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அவவாலை ஏலாது." மகள் வீடு என்றாள். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தார்கள். டொக்டர் கையைக் காட்டி, அவரையே கேட்போம் என்றார்.

"அம்மா தன்ரை விருப்பத்துக்கு வாசிச்சிடுவா" என்றான் மகன்.

சுட்டது. "மொழிபெயர்க்க வந்த பிள்ளை அவரின்ரை கண்ணைப் பாத்து எழுதட்டும். என்னிலை ஒருத்தரும் பிழை பிடிக்க ஏலாது" என்றேன்.

அந்தப் பிள்ளை பேப்பரோடு என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "ஐயா, நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

எனக்கு வேண்டியது "வீ" என்ற ஓரெழுத்து. அது வந்தால் வீடு. நான் தொடங்கினேன். "அ வரிசையோ?" கண் மேலே போனது. என் நெஞ்சு கீழே போனது. முதல் எழுத்து அ.

"அம்மாவோடை இருக்கப்போறாராம்!" என்றாள் மகள்.

அடுத்த எழுத்து வ.

"அவசரம். கெதியா முடிக்கட்டாம்" என்றான் மகன்.

"வாயை மூடுங்கோ ரெண்டு பேரும். அப்பா முடிக்கட்டும்."

வேண்டிய எழுத்தில் கொஞ்சம் கூட நேரம் நின்றிருக்கலாம், குரலை உயர்த்தியிருக்கலாம். களைத்த மனுஷன், கண் தானாக மேலே போயிருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. எல்லா எழுத்துக்கும் என் குரல் ஒரே அளவாகத்தான் போனது. அதை இன்றைக்கும் தலை நிமிர்ந்து சொல்லுவேன்.

முடிந்ததும் அந்தப் பிள்ளை தான் எழுதியதை வாசித்தாள். "அவவைக் கேள்."

ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். டொக்டர் என்னைப் பார்த்தார். மகன் தலை குனிந்தான். நான் அவரைப் பார்த்தேன். கடைக்குக் கேட்காத மனுஷன், வீட்டுக்குக் கேட்காத மனுஷன். தன்னை என்ன செய்வது என்று என்னைக் கேட்கச் சொல்லுகிறார்.

அழுதுகொண்டு "ஓம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவருக்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டும்.

"கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். "ஆனால் சும்மா இல்லை. முன்னறைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வேணும். காலமையும் பின்னேரமும் தூக்கிக் கழுவ ரெண்டு பேர் வரவேணும், ஒராள் வந்தால் என்ரை இடுப்பு, நாரி எல்லாம் முறிஞ்சுபோம். வெள்ளிக்கிழமை நான் மனோர் பார்க் முருகனிட்டைப் போறனான், அதை விடமாட்டன், அந்த நேரம் அவருக்குப் பக்கத்திலை ஆள் இருக்கவேணும். ஆர் வந்தாலும் எனக்குக் காரியமில்லை, அவர் சொல்லி முடியுமட்டும் பொறுக்கத் தெரிஞ்சிருக்கவேணும்."

கவுன்சில் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"வேற ஏதாவது இருக்காம்மா?" என்றாள் மொழிபெயர்த்த பிள்ளை. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டொக்டர் அவனை மறித்தார்.

"பொறுங்கோ பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். யோசித்தேன். அவசரப்படவில்லை.

கேட்டதில் வெள்ளிக்கிழமை ஆள் மட்டும் கிடைக்கவில்லை. அந்த நேரத்துக்கு இப்போது மகன் வருகிறான், அட்டையையும் பழகிவிட்டான். வைகாசி மாதம் அவரை முன்னறைக்குக் கொண்டுவந்தேன்.