மேற்கு வாசலைத் தமிழில் காட்டிய கதை

வழிகாட்டி வேலையில் முதலில் தொண்டை போகும், பிறகு கால் போகும். ஒருநாளாவது சுற்றுலாக் கூட்டத்தை மேய்த்தவர்கள் இதை மறுக்கமாட்டீர்கள். ஜேர்மனியில், பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தின் பழைய மேற்கு வாசல் என் பொறுப்பு. நகர மதிலை எப்போதோ இடித்துவிட்டார்கள். வாசல் மட்டும் நடுத்தெருவில் தனியே நிற்கிறது. அதன் கதையை டொச் மொழியில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஒருமுறையாவது நம் சனத்துக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று மனம் கிடந்து ஏங்கியது. நகரசபையில் கெஞ்சிக் கேட்டதில், கோடையில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ச் சுற்றுக்கு விட்டார்கள். கடைசி ஞாயிறு வரை தமிழில் கேட்க ஒருவரும் வராவிட்டால் நிறுத்திவிடுவார்களாம்.

கல்யாணச் சோடி

முதல் ஞாயிறு பட்டுச் சேலையும் தலைப்பாகையுமாக ஒரு சோடி வந்து இறங்கியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடிப்போய் அகழியிலிருந்து தொடங்கினேன். பொம்பிளை சேலை மடிப்பைப் பார்த்தாள், மாப்பிள்ளை கமெராவைப் பார்த்தார். படம் பிடிக்க வந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்:

"அக்கா, குறை நினைக்காதேங்கோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வாசலை மறைக்கிறியள்."

வால்டோர்ஃப் தம்பிமார்

அடுத்த மாதம் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிமார் மூவர் வந்தார்கள். மேலிருந்து இரும்புக் கிராதி இறங்கும் சுவர்ப் பள்ளத்தைக் காட்டி விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டினார்கள். நானும் உற்சாகத்தில் பாதிக் கதையை முடித்துவிட்டேன். அப்போது ஒருவர் மெல்லச் சொன்னார்:

"அக்கா, நீங்க பேசறது கேக்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா பாதி புரியல, இங்கிலீஷ்ல சொல்றீங்களா?"

பேருந்தில் வந்த அக்கா

வளைவுக்கு மேலே, மாடத்தில் ஒரு புனிதரின் கற்சிலை உண்டு. பீலெஃபெல்டிலிருந்து வந்த ஒரு அக்கா அதைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலைச் சுற்றத் தொடங்கினார். கார்கள் ஒலி எழுப்பின. நான் பின்னாலேயே ஓடி ஓடி, இந்த வாசலை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாம் சுற்று முடிந்ததும் அவர் நின்று திரும்பினார்:

"பிள்ளை, கும்பிட்டுச் சுத்தேக்க கதைக்கக் கூடாது."

கடைசி ஞாயிறு

ஒருவரும் வரவில்லை. நுழைவுச்சீட்டு கொடுக்கும் மொனிக்கா தமிழ்ச் சுற்றின் பலகையைக் கழற்றப் போனபோது என் கணவர் வந்து நின்றார். உணவகச் சமையற்காரருக்கு ஞாயிறு ஏது? இத்தனை வருடத்தில் வாசலுக்குள் கால் வைக்காதவர், லீவு கேட்டு வந்திருந்தார். மொனிக்கா பலகையைத் திரும்ப மாட்டினார்.

கணவருக்கு எல்லாம் சொன்னேன். அந்தக் காலத்தில் அந்தி மணி அடித்ததும் கதவைச் சாத்துவார்கள், பிந்தி வந்தவர் விடியும்வரை வெளியேதான் என்றேன். வழக்கமாக இந்த இடத்தில், மேலிருந்து எதிரிகள்மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்களா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இவர் கல்லைத் தடவிக்கொண்டு நின்றார். எல்லைகள் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையை என்னிடம்கூட முழுதாகச் சொல்லாத மனிதர். பிறகு கேட்டார்:

"அப்ப, வெளியில நிண்ட சனம் ராவில எங்க படுத்தது?"

விடை தெரியாத கேள்வி வந்தாலும் சுற்று முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும் என்ற வசதி, கேள்வி கேட்டவரோடேயே வீட்டுக்குப் போகும் வழிகாட்டிக்குக் கிடையாது.