வியாழக்கிழமை இரண்டு மணி

பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் படிக்கிறவர்களைத் தேடி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ராகிங் செய்யவாவது நாலு சீனியர்கள் வருவார்கள். மூன்றாம் வருஷக்காரர்களைத் தேடி வேலை வரும். அலுவலகத்துக்கு வெளியே பச்சைத் துணி ஒட்டிய பலகையில் துறைமுகம், வங்கி, பள்ளிக்கூடம் என்று அட்டை அட்டையாகக் குத்தி வைத்திருப்பார்கள். இரண்டாம் வருஷக்காரர்களை மட்டும் யாரும் தேடுவதில்லை. வீட்டில் நடுப்பிள்ளை மாதிரிதான். அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் அப்படி ஒரு வருஷம் கிடந்தேன். அந்த வருஷம் முழுக்க நான் வாய் திறந்து பேசியதை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம்கூட நிரம்பாது.

தமிழர்கள் இல்லாமல் இல்லை. என் வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் ஆண்கள். அவர்கள் மேசையில் போய் உட்கார எனக்குக் கூச்சம், என்னைக் கூப்பிட அவர்களுக்குக் கூச்சம். சீனப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், அதோடு சரி. காண்டீனில் தூணை ஒட்டிய மேசையில் சார்டின் ரொட்டியைத் தின்றுவிட்டு, கை கழுவிய பிறகும் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று அப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். பச்சைப் பொய். யாராவது எதிரே வந்து உட்கார மாட்டார்களா என்று ஏங்கித்தான் அந்தத் தூணோரத்திலேயே தினமும் உட்கார்ந்தேன்.

வீடு ஜாலான் புசார் என்ற தெருவில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடி. அண்ணனும் நானும் மட்டும். அப்பாவும் அம்மாவும் இரண்டு வருஷ இடைவெளியில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அண்ணன், துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க். நல்ல மனிதர், ஆனால் பேச மாட்டார். பகலெல்லாம் கீழே இரும்புக் கம்பிகளை இறக்கும் சத்தம் காதைத் துளைக்கும். ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டால் எங்கள் வீட்டில் தட்டில் கரண்டி படும் சத்தம்தான். அந்த நேரத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் கம்பி இறக்கினால் தேவலை என்றிருக்கும்.

இரண்டாம் வருஷத்தின் முதல் தவணைப் பரீட்சையில் பொருளாதாரத்தில் தோற்றேன். மற்ற பாடங்களில் பிழைத்துக்கொண்டேன். அண்ணனிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்க பாரும்மா. பாஸ் பண்ணா படி, நான் குறுக்க நிக்க மாட்டேன். வருஷக் கடைசியிலயும் ஃபெயிலானா போதும். டெலிபோன் ஆபீஸ்ல பொம்பளைப் பிள்ளைங்கள எடுக்கறாங்களாம். மாதாகோயில் சாமியார்கிட்ட கேரக்டர் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துடறேன்."

"சரிண்ணே."

"புரியலைன்னா யார்கிட்டயாவது கேளு லா. அவ்ளோ பெரிய இடத்துல கேக்க ஆளா இல்ல?"

ஆள் இருந்தார். எங்களுக்குப் பொருளாதாரம் நடத்தியவர் ஓர் ஆங்கிலேயர், ஐம்பது வயதிருக்கும், ஒடிந்துவிடுவார் போல ஒல்லியானவர். பாடத்தில் திணறுகிறவர்கள் வியாழக்கிழமை பிற்பகலில் ஆளுக்கு அரை மணி நேரம் அவரைத் தனியாகப் பார்க்கலாம். திங்கட்கிழமை காலையில் அவர் அறைக் கதவில் ஒரு தாள் குத்தப்பட்டிருக்கும். அதில் நேரம் போட்டிருக்கும், வேண்டிய நேரத்துக்கு நேராகப் பெயரை எழுதிவிட்டு வரவேண்டும். விடுமுறை வேலைக்கோ ஆசிரியர் பயிற்சிக்கோ மனுப் போட்டாலும் அவர் எழுதித் தரும் நாலு வரிதான் செல்லும். ஆக, படிப்பும் அதற்குப் பிறகு வரும் பிழைப்பும் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தன.

நான் இரண்டு மணிக்கு நேராக என் பெயரை எழுதினேன். முதல் ஆள். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் வகுப்புக்குப் போயிருப்பார்கள், நடைபாதையில் யாரும் இருக்க மாட்டார்கள், உதவி கேட்டுப் போவதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. ஒன்றே முக்காலுக்கே போய் எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. இரண்டு அடித்தது. கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

இங்கே என் வளர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் பங்கில், அதாவது எங்கள் மாதாகோயில் வட்டாரத்தில், சாமியாரைப் பார்க்கப் போனால் அவர் வீட்டு வாசல் பெஞ்சில் உட்காரவேண்டும். ஞானஸ்நானச் சர்டிபிகேட்டோ கல்யாண ஓலையோ, எதுவானாலும் அப்படித்தான். நாம் வந்திருப்பது எப்படியோ உள்ளே தெரிந்துவிடும். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வெளியே வந்து, "வாங்க, சாமி கூப்பிடறாங்க" என்பார். அதற்கு முன்னால் எழுந்தாலே பக்கத்தில் இருக்கிறவர்கள் முறைப்பார்கள். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்திலும் அதே முறைதான். கூண்டுக்குள் இருட்டில் முழங்காலில் இருப்போம். சாமியார் அவராக நடுவில் இருக்கும் சின்னப் பலகையைத் தள்ளித் திறக்கும்வரை மூச்சுக் காட்ட மாட்டோம். பலகையைத் தட்டிய ஆளை எங்கள் பங்கில் யாரும் கண்டதில்லை.

ஒன்றரை வருஷமாகப் படிக்கிறாயே, கதவைத் தட்டுவதை அங்கே பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். தபால் கொண்டுவருகிறவர் தட்டுவார், டைப்பிஸ்ட் தட்டுவார். அவர்கள் வேலையாக வந்தவர்கள். நான் கேட்டு வந்தவள். கேட்டு வந்தவள் தட்டுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளே அவர் இருந்தார். நாற்காலி கிரீச்சிடுவது கேட்டது. ஒரு முறை இருமினார். பிறகு கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம். நின்றது. மறுபடி கரண்டி சுற்றும் சத்தம். நான் இங்கே பெஞ்சில் காய்கிறேன், துரை உள்ளே ஒன்றுக்கு இரண்டு தடவை சர்க்கரை கலக்கிக் குடிக்கிறார் என்று எரிச்சலாக வந்தது. இரண்டு இருபத்தைந்துக்கு எழுந்துவிட்டேன். அடுத்த அரை மணிக்கு எழுதியிருந்தவன் எங்கள் வகுப்புப் பையன். அவன் வந்து பார்த்துவிட்டால் மானம் போய்விடும்.

அடுத்த வியாழனும் அப்படியே. அதே இருமல், அதே கரண்டி. அதற்கடுத்த திங்கட்கிழமை புதுத் தாளில் மூன்றாவது முறையாக எழுதினேன். அந்த வியாழக்கிழமையும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனபோது பழைய தாள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. என் பெயரின் மேல் மட்டும் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு. நேராக, நிதானமாகப் போட்ட கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வேண்டாம் என்று அடித்துவிட்டார். கறுத்த பெண் என்றா, மார்க்கு குறைந்தவள் என்றா, ஜாலான் புசாரிலிருந்து வருகிறவள் என்றா? எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. கூப்பிடாதே போ, உன் அரை மணி நேரம் யாருக்கு வேண்டும் என்று மனசுக்குள் அவரிடம் ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். வகுப்பில் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன். முன்வரிசையிலிருந்து எழுந்து கடைசி வரிசைக்குப் போனேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. நான் குனிந்து பேனாவைத் தேடினேன்.

பிறகு புத்தகத்தோடு நானும் என்னோடு புத்தகமும் மல்லுக்கட்டினோம். விலை ஏறினால் மக்கள் வாங்குவது எவ்வளவு குறையும் என்ற ஒரு அத்தியாயம். ஏழு மாதம் அதிலேயே முட்டிக்கொண்டு நின்றேன். கேட்க ஒரு ஆள் இல்லையே என்று மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறேன். பக்கத்து அறையில் அண்ணன் வானொலியின் சத்தத்தைக் குறைப்பார். எழுந்து வர மாட்டார். நானும் போக மாட்டேன்.

வருஷக் கடைசியில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. பொருளாதாரத்தில் மட்டும் தோல்வி. அந்த ஒரு பாடத்தை ஆறு வாரத்தில் மறுபடி எழுதலாம், அதிலும் போனால் வெளியே போகவேண்டியதுதான் என்று கடிதம் வந்தது. அண்ணன் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் சாமியார் வீட்டு பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். உபதேசியார் வந்து கூப்பிட்டார். என் நடத்தை மிக நல்லது என்று சாமியார் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது. விரிவுரையாளர் என்னைப் பார்க்க விரும்புகிறாராம். வியாழக்கிழமை இரண்டு மணி. போனேன். பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். துறையின் டைப்பிஸ்ட், ஒரு சீன அம்மா, கையில் கோப்புகளோடு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஏன் இங்க உட்கார்ந்திருக்க?"

"அவர் இன்னும் கூப்பிடல."

"கூப்பிடறதா? யாரு கூப்பிடுவா? தட்டிட்டு உள்ள போ லா!"

சொன்னவர் அவரே இரண்டு தட்டுத் தட்டிக் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

அறையில் அலமாரிகள் காலியாக இருந்தன. தரையில் மரப்பெட்டிகள், அவற்றில் புத்தகங்கள். மேசைமேல் இரண்டு கோப்பைத் தேநீர். ஒன்று விரிவுரையாளர் பக்கம், ஒன்று எதிர் நாற்காலியின் பக்கம். நான் அந்த இரண்டாவது கோப்பையைப் பார்த்தேன்.

"இந்தத் தடவை வந்துவிட்டாய்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "முன்பு மூன்று தடவை எழுதிவிட்டு வரவில்லை. நான் காத்திருந்தேன்."

"வந்தேன் சார். மூணு தடவையும் வந்தேன். வெளியே பெஞ்சில் இருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். நீங்கள் கூப்பிடவில்லை என்றேன். அவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கதவு பூட்டியிருக்கவில்லையே," என்றார். "விசிறிக் காற்றில் தாள்கள் பறக்கும் என்றுதான் சாத்தி வைத்தேன். எட்டிப் பார்த்து உன்னை வற்புறுத்துவது சரியில்லை என்று நினைத்தேன்."

அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தினார். ஆறியிருந்தது, ஆனாலும் குடித்தேன். ஒப்பந்தம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை கப்பல் ஏறுவதாகச் சொன்னார். இங்கே அவருக்குக் குடும்பம் இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து பேசுவது தனக்குப் பிடிக்கும் என்றார். அப்புறம் புத்தகத்தைத் திற என்றார்.

விலை ஏறினாலும் உங்கள் வீட்டில் வாங்குவதைக் குறைக்காத பொருள் ஒன்று சொல் என்றார். ஈஸ்டருக்கு முன் விரதம் இருக்கும் தவக்காலத்து மீன் என்றேன். வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டோம் என்பது தேக்கா மார்க்கெட் மீன்காரருக்குத் தெரியும். எங்கள் பங்கு ஆட்கள் ஒவ்வொருவர் முகமும் தெரியும். எங்கள் தலையைக் கண்டதும் விலையை ஏற்றுவார், நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவோம். விரிவுரையாளர் வாய்விட்டுச் சிரித்தார். "அவ்வளவுதான், அந்த அத்தியாயமே அதுதான்," என்றார். ஏழு மாதம் என்னை அழவைத்தது முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. வீணாய்ப் போன அந்த மூன்று வியாழக்கிழமைகளை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

விடைபெறும்போது அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். தேறிவிடுவாய், எப்படிப் போயிற்று என்று சொல்லு என்றார். தலையாட்டினேன்.

தேறினேன். பரீட்சை முடிவுப் பலகையில் என் எண் இருந்தது. அண்ணனிடம் சொன்னதும் "சந்தோஷம்மா" என்றார். சாமியார் கொடுத்த கடிதத்தை மேசை இழுப்பறையின் அடியில் வைத்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை, ஆனாலும் வௌவால் மீன் வாங்கி வந்திருந்தார்.

செய்தியை விரிவுரையாளருக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அவர் ஊர் முகவரி என்னிடம் இல்லை. அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவராகத் தருவார் என்று காத்திருந்துவிட்டேன்.

மூன்றாம் வருஷம் தொடங்கிய முதல் வியாழக்கிழமை, வகுப்பு இல்லாத நேரம், கால் தானாக அந்த நடைபாதைக்குப் போயிற்று. கதவில் வேறு பெயர்ப்பலகை. இரண்டு மணி. பெஞ்சில் உட்காரவில்லை. கையை மடக்கித் தட்டினேன். தட்டிய சத்தம் அடங்குவதற்குள் உள்ளிருந்து, "கம் இன்" என்று ஒரு குரல் வந்தது. யார் எவர் என்று கேட்காத, இளமையான, அன்பான குரல்.

திறந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து, என்ன வேண்டும் என்பது போல் சிரித்தார். ரூம் மாறி வந்துவிட்டேன் சார் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.