முட்டைக்காரியின் குதிகால்

ஒஸ்மரீனாவை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். முட்டைக்காரி என்றால்தான் தெரியும். ஜுருவா ஆற்று மணல்திட்டில் வெறுங்காலோடு நடப்பாள், குதிகாலை அழுத்தி அழுத்தி வைப்பாள். ஓரிடத்தில் மணல் லேசாக உள்வாங்கும். நமக்கு ஒன்றும் தெரியாது, அவள் குதிகாலுக்குத் தெரியும். அங்கே தோண்டினால் பெரிய ஆமை இட்ட முட்டை நூறு கிடைக்கும். அதில் மரவள்ளி மாவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து ஊரே தின்றது. நானும்தான் தின்றேன். பட்டப்பெயர் மட்டும் அவளுக்கு.

தின்று தின்று, ஒரு வருஷம் ஏழே ஏழு ஆமைகள்தான் முட்டையிடக் கரையேறின. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. திட்டுக்குக் காவல் போட ஊர்க்கூட்டம் கூடியபோது முதலில் எழுந்தவள் ஒஸ்மரீனா.

"அதிகமா எடுத்தது நான். நானே காக்குறேன்."

"அண்ணி காவலா? அப்ப ஒரு சட்டியையும் கையில குடுத்து அனுப்புங்க!" என்றான் ஜுராந்திர். செத்துப்போன அவள் புருஷனின் தம்பி. வாய் மட்டும் ஆற்றகலம்.

மூன்று வருஷம் கெடு வைத்தார்கள். அதற்குள் குஞ்சுகள் ஆற்றில் இறங்குவதை ஊர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் திட்டு பழையபடி எல்லோருக்கும். முதல் இரண்டு வருஷமும் முட்டை பொரியும் முன்பே வெள்ளம் முந்திக்கொண்டது. மூன்றாம் வருஷம் நாற்பத்தொரு ஆமைகள் ஏறின. ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி நட்டு, திட்டிலேயே குடிசை போட்டுக்கொண்டாள்.

முட்டைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தபோது இரண்டு நாள் புயல்மழை. குச்சிகள் பறந்தன, மணல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. மேலாற்றிலிருந்து ரேடியோவில் சேதி வந்தது: பெருவெள்ளம் வருகிறது, சாயங்காலத்துக்குள் தாழ்ந்த மணல் முழுகிவிடும். முட்டைகளை மேட்டு மணலுக்கு மாற்றியாக வேண்டும். குழிகள் எங்கே?

ஒஸ்மரீனா செருப்பைக் கழற்றி வீசினாள். அவள் நடக்க நடக்க நாங்கள் பின்னாலேயே தோண்டினோம். எடுத்துத் தின்ற இருபது வருஷப் பழக்கம் என்னை விடுமா? நான் முட்டைகளை அள்ளி மாவுக்கூடையில் சரித்தேன்.

"அடி பாவி, சமையலுக்கா எடுக்குற? புரட்டுனா உள்ள இருக்குற உசிரு போயிரும்டி! எது மேல இருந்துச்சோ அது மேலயே இருக்கணும்!"

உருண்டை முட்டையில் மேல் எது, கீழ் எது? மீனுக்கு நாங்கள் பூசும் சிவப்பு விதைச் சாயத்தை ஒஸ்மரீனா குழைத்துக்கொண்டு வந்தாள். எடுக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் ஒரு பொட்டு. பொட்டு வானத்தைப் பார்த்தபடியே மேட்டுக் குழிக்குப் போனது.

பிற்பகலில் நாற்பது முடிந்தது. திட்டின் தாழ்ந்த ஓரத்தில் தண்ணீர் எங்கள் கணுக்காலைத் தொட்டது. ஜுராந்திர் காலையிலேயே படகை மணலில் இழுத்துப் போட்டு, அதில் சாய்ந்தபடி புகைத்துக்கொண்டிருந்தான்.

"நாப்பது போதாதா அண்ணி? கெளம்புங்க."

"நாப்பத்தொண்ணு ஏறுச்சு. என் கண்ணால பாத்தேன்."

திட்டை முழுவதும் சுற்றி வந்தாள். கடைசியில் அவன் படகின் முன்னால் நின்றாள்.

"எந்திரிங்க கொழுந்தனாரே."

"ஏன், எனக்கு அடியில புதையலா இருக்கு?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க!"

படகைத் தள்ளினோம். அவள் குதிகால் ஒரே அழுத்தில் உள்ளே போனது. குழியில் நூற்றுப் பன்னிரண்டு முட்டை.

"காலையில இருந்து மனுஷன் அடைகாத்துட்டுல்ல இருந்திருக்காரு!" என்று யாரோ கத்த, ஈர மணலில் நின்றபடி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஜுராந்திர் சாயக் கிண்ணத்தை வாங்கி, தடித்த விரலால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தான்.

ஒரு மாதம் கழித்து, விடிந்ததும் விடியாததுமாக ஒஸ்மரீனா ஊரையே எழுப்பினாள். மேட்டு மணல் நடுங்கியது. பிறகு அது முழுக்கக் குஞ்சுகளானது. ஆயிரமாயிரமாக ஆற்றை நோக்கி ஓடின. ஆற்றில் தாய் ஆமைகள் தலை நீட்டிக் காத்திருந்தன. நான் விம்மி விம்மி அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அத்தனையையும் தின்றிருப்போமே!

அந்த வாரமே கூட்டம். திட்டைத் திறக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். ஒரு கைகூட எழவில்லை. காவல் தொடர வேண்டும் என்பவர்கள் என்றதும் ஊரே தூக்கியது. ஜுராந்திர் இரண்டு கையையும் தூக்கினான்.

"ஆளுக்கு ஒரு கைதான்யா" என்றார் தலைவர்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு என் படகுக்கடியில கெடந்ததுங்களுக்கு."

தலைவர் ஒஸ்மரீனாவைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டையும் சேத்துக்கங்க. அடைகாத்தவருல்ல?"