பூங்கனியின் அக்கானிக் குடுக்கை

குளச்சல் கடற்கரையில் விடியுமுன் சாளை மீன் வாங்கி, தலைக்கடவப் பெட்டியில் சுமந்து, ஓட்டமும் நடையுமாகக் குலசேகரம் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பது பூங்கனியின் தொழில். ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் முதலில் வரும் மீனைத்தான் விலை பேசாமல் வாங்குவார்கள். 1931 வரை கணவன் ராஜையனும் உடன் ஓடினான். காய்ச்சலில் அவன் இறந்தபின் தனியே ஓடினாள்.

இருவருக்கும் தெம்பு தந்தது அக்கானி என்னும் பதநீர். சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கிய பனஞ்சாற்றைச் சுரைக்குடுக்கை நிறைய எடுத்துச் செல்வார்கள். திருவட்டாற்றுச் சுமைதாங்கியில் கடவத்தை இறக்கி, முதலில் அவள் பாதி குடிப்பாள், மீதி அவனுக்கு. அவன் போனபிறகும் குடுக்கையைக் குறைத்து நிரப்ப அவளுக்கு மனம் வரவில்லை. மிஞ்சியது வெயிலில் குலுங்கி, திரும்பும் உச்சிவேளைக்குள் புளித்துவிடும். அதையும் குடித்துத் தீர்ப்பாள்.

1934 பங்குனியில் சபை உபதேசியார் ஜெபதாஸ் திரும்பும் வழியில் அவளை நிறுத்தினார்.

"குடுக்கையில கள்ளா, பூங்கனி?"

"அக்கானிதான் ஐயா. மிச்சம் புளிச்சிட்டு."

"புளிச்சா அதுக்குப் பேரு வேறல்லா? கீழ ஊத்தப்பிடாதா?"

"ஊத்த மனசு வரல்ல ஐயா."

"இனியும் மணந்தா திருவிருந்துக்கு வராண்டாம்."

ராஜையன் இறந்தபின் அவளுக்கென்று எஞ்சிய ஒரே கூட்டம், சபையாரோடு சேர்ந்து உண்ணும் அந்தத் திருவிருந்து. மறுநாள் வெறுந்தண்ணீரோடு புறப்பட்டாள். வயிற்றில் தண்ணீர் குலுங்கியதே தவிர, திருவட்டாறு தாண்டிய ஏற்றத்தில் கால்கள் கேட்கவில்லை. சந்தை கலையும் நேரத்தில் போய்ச் சேர்ந்தாள், மீன் வாடியிருந்தது.

அடுத்த நாள் குடுக்கை மீண்டும் நிறைந்தது. சுமைதாங்கியருகே மீன்காரர் மைதீன் கனி தன் கூடையை இறக்கி நின்றிருந்தார். பல வருடமாகப் பார்த்த முகம், பேசியதில்லை. தன் பாதியைக் குடித்துவிட்டு நீட்டினாள்.

"இந்தாரும். எனக்குக் கூடுதல்."

"புளிச்சதா அக்கா?"

"இல்ல. இப்பம் இறக்கினது."

"இதுதான் சங்கதியா? உங்களுக்குப் பேய் பிடிச்சிருக்கு, அதான் இந்த ஓட்டம்னுல்லா நான் ஊரில சொல்லிட்டு நடக்கேன்."

அவர் அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்துக் கொடுத்தார். அன்று சந்தையில் முதல் மீன் அவளுடையது. திரும்புகையில் உபதேசியார் குடுக்கையை வாங்கி முகர்ந்தார்.

"சரி, ஞாயித்துக்கிழமை வா."

போனாள். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பெற்றுக்கொண்டு தன் இடத்தில் அமர்ந்தாள். ராஜையன் குடிக்கும்போது குடுக்கையின் அடியில் அவளுக்கென்று ஒரு வாய் மிச்சம் வைப்பான். ஒரு சொட்டும் வைக்காத மைதீன் கனி அதை அறிந்திருக்க வழியில்லை, அவளும் சொல்லவில்லை.