டிசம்பர் மூன்றாம் சனிக்கிழமை

ஹார்லன் டிட்மோருக்கு வாய்தான் சொத்து. பெல்சன் ஊரில் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். அவர் மனைவி நெல்டா மட்டும், "சொத்தா? வில்லங்கம்னு சொல்லுங்க" என்பாள். பிழைப்புக்காக அவர் தெற்கு அலபாமாவின் பண்ணை வீடுகளுக்குக் கேஸ் லாரி ஓட்டுகிறார். கொல்லைப்புறத்தில் நிற்கும் டேங்க்கை நிரப்பி, நாய்க்குப் பயந்து ஓடிவந்து லாரியில் ஏறி, அடுத்த வீட்டுக்குப் போகிறார். உயிர் வாழ்வது என்னவோ டல்வா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணிக்காக. அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். பெயர்தான் கழுதை, முப்பது வருடமாக உதைத்ததைவிட உதை வாங்கியதே அதிகம்.

அதற்காக ஹார்லன் வாயை மூடியதில்லை. கல்லூரி அணிகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எல்லோரும் எல்லோரோடும் ஆட ஒரு பருவம் போதாது. அதனால் ஒரு கமிட்டி ஓட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, பட்டத்துக்கு மோதும் கடைசிச் சுற்றுகளான ப்ளேஆஃபுக்குத் தகுதியான பன்னிரண்டு அணிகளைப் பொறுக்கி எடுக்கும். யார் தகுதி, யார் தகுதியில்லை என்பதில்தான் நாடே அடித்துக்கொள்கிறது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் முடிகிற காரியமாக இருந்தால் ஹார்லனுக்கு என்ன வேலை? பெட்ரோல் பங்குக்குள் இருக்கும் பிஸ்கட் கடையில் காலையில் அவர் பேச ஆரம்பித்தால், தட்டில் பன் மாதிரியான பிஸ்கட்டும் சாசேஜ் குழம்பும் ஆறிப்போவது தெரியாமல் ஆட்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் உள்ளூர் வானொலியில் பஸ்டர் கோல் நடத்தும் நிகழ்ச்சிக்கு லாரியை ஓரங்கட்டிவிட்டுப் போன் போடுவார். "பெல்சன் ஹார்லன்" என்றால் நான்கு மாவட்டங்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் முடிய சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மீறி வைத்தால் மாப்பிள்ளை வீட்டாரிலேயே பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிற பாதியும் பாதிரியார் பேசும்போது மடியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஹார்லனின் ஒரே மகள் லானெட்டுக்கு அக்டோபரில் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. இலைகள் நிறம் மாறும் காலம், வெளியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஹார்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அக்டோபரா? நம்ம பரம எதிரி பைன் ரிவரோட ஆட்டம் இருக்கிற மாசம்மா! நாள் பாக்குறத எங்கிட்ட விடு. இந்த ஊர்ல என்னைவிட அட்டவணை தெரிஞ்சவன் எவன் இருக்கான்?"

மகள் விட்டாள். மாப்பிள்ளை ப்ரைஸ் கடற்படையில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் குவாம் தீவுக்குக் கப்பல் ஏறவேண்டும். அதற்கு முன்னால் அவனுக்குக் கிடைப்பது பத்து நாள் விடுமுறை. ஹார்லன் யோசித்து டிசம்பர் மூன்றாம் சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி என்று குறித்துக்கொடுத்தார். "உலகம் தோன்றின நாள்லேருந்து அன்னைக்கு டல்வாவுக்கு ஆட்டம் இருந்ததில்ல" என்று பெருமையாகச் சொன்னார்.

உண்மைதான். ஆனால் ப்ளேஆஃப் பன்னிரண்டு அணிகளாக விரிந்தபிறகு அதன் முதல் சுற்று அந்தச் சனிக்கிழமையில்தான் நடக்கிறது. ஐந்திலிருந்து எட்டு வரை இடம்பிடிக்கும் அணிகள் சொந்த மைதானத்திலேயே ஆடும். இதெல்லாம் ஹார்லனுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தெரிந்த மனுஷன் நாள் குறிக்கும்போது மட்டும் எப்படி மறந்தார் என்றால், கழுதைகள் அங்கே போய்ச் சேரும் என்று அவர் ஒரு நிமிடமும் நம்பவில்லை. முப்பது வருடம் "எங்களுக்குத் தகுதி இருக்கு" என்று தொண்டை கிழியக் கத்திய ஆளின் மனதுக்குள் இருந்தது இவ்வளவுதான்.

அந்த வருடம் பார்த்துக் கழுதைகளுக்குக் கொம்பு முளைத்தது. செப்டம்பரில் எல்லா ஆட்டமும் வெற்றி. அக்டோபரில் பைன் ரிவரிடம் மட்டும் மூன்று புள்ளியில் தோல்வி. நவம்பரில் இன்னொரு தோல்வி; மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. ஊர் முழுக்கத் தெருவில் நின்று கத்தியது. ஹார்லனும் கத்தினார். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறையில் மாட்டியிருந்த அழைப்பிதழைப் பார்த்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, டல்வா பசங்க உள்ள வந்துருவாங்களா?" என்று கேட்டாள் லானெட்.

"வரமாட்டாங்கம்மா. ரெண்டு தோல்வி இருக்கே. கமிட்டிக்காரன் நம்மள எங்க பாக்கப்போறான்?"

"ரேடியோல வேற மாதிரி சொன்னீங்களே?"

"அது ரேடியோ."

இரவுச் சாப்பாட்டின்போது வரமாட்டார்கள் என்று சத்தியம் செய்வதும், காலையில் பிஸ்கட் கடையில் வந்தே தீரவேண்டும் என்று மேசையைத் தட்டுவதுமாக அவருக்கு நாட்கள் போயின. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சொன்ன வார்த்தையே வழியை மறித்து நின்றது. வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. தோற்கட்டும் என்று வேண்டினால் கழுதைகளுக்குத் துரோகம், ஜெயிக்கட்டும் என்றால் பெற்ற மகளுக்குத் துரோகம்.

உள்ளே போவது யார் என்ற போட்டி கிரான்பி என்ற வடக்கத்திக் கல்லூரியோடு. அவர்களுக்குப் பதினோரு வெற்றி, ஒரே தோல்வி. கமிட்டி முடிவு சொல்வதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஹார்லன் ஒரு தீர்மானத்தோடு போனை எடுத்தார். கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசுவது. ஊரை மெல்ல மெல்ல ஏமாற்றத்துக்குப் பழக்குவது.

"பஸ்டர், நியாயமாப் பேசுவோம். கிரான்பிப் பசங்களும் மோசமில்ல. பதினோரு வெற்றின்னா சும்மாவா?"

பஸ்டர் பின்னால் ஓடிய பாட்டை நிறுத்தினான்.

"அண்ணே," என்றான் பஸ்டர், "உங்கள யாராவது கட்டிப்போட்டு வச்சிருக்காங்களா? ஆமான்னா ஒரு தடவ இருமுங்க, போலீஸ அனுப்புறேன்."

அடுத்து வந்த போன் ராய்ஸுடையது. ராய்ஸ் மருந்துக்கடை வைத்திருப்பவன், ஹார்லனோடு பள்ளியில் படித்தவன், எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பவன். "டேய் ஹார்லன், காசு வாங்கிட்டியாடா? முப்பது வருஷம் தோக்குறப்ப கூட நின்னுட்டு, ஜெயிக்கிறப்ப பயந்து ஓடுறியா? பேடிப்பயலே!"

நான்கு மாவட்டங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஹார்லனுக்குக் காது சூடேறியது. எது வந்தாலும் தாங்குவார், பேடி என்ற சொல்லைத் தாங்கமாட்டார். தீர்மானம் காற்றில் போயிற்று.

"யார்றா ஓடுறது? கிரான்பி பதினோரு பேர ஜெயிச்சான். யாரு அந்தப் பதினோரு பேரு? பால் பாட்டில் வச்சிருக்கிற குழந்தைங்க! நாங்க பைன் ரிவர்கிட்ட மூணு புள்ளியில தோத்தோம். நாங்க தோத்தது அவன் ஜெயிச்சதவிட ஒசத்திடா!"

அந்த வாக்கியம் பற்றிக்கொண்டது. மாலைக்குள் யாரோ அதைப் பனியனில் அச்சடித்துவிட்டார்கள். மறுநாள் மருந்துக்கடை வாசலில் பாதிரியாரே அதைச் சொல்லிச் சிரித்தார். அதே பாதிரியார்தான் கல்யாணத்தை நடத்தவேண்டியவர். அவர் கண்ணைப் பார்க்காமல் ஹார்லன் கைகொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் இருபது நிமிடத்தில் முடிந்தது. கர்த்தருக்கும் அன்று அவசரம். மத்தியான அறிவிப்புக்கு ஊரே பிஸ்கட் கடையில் திரண்டது. பஸ்டர் மைக்கோடு வந்து அங்கிருந்தே நேரடியாக ஒலிபரப்பினான். நெல்டாவும் லானெட்டும் வரவில்லை. கல்யாணத்துக்குக் கோழி வறுத்துத் தருவதாகச் சொன்ன பெண் போனை எடுக்காததால், வேறு ஆள் தேடிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள்.

டிவியில் இடங்களை ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது இடம் என்றார்கள். திரையில் கோவேறு கழுதை படம் வந்தது.

ராய்ஸ் அழுதான். யாரோ ஹார்லனைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார்கள். திரையில் அதற்குள் ஆட்ட நேரம் ஓடியது: டல்வா மைதானம், சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. ஹார்லன் கீழே குதித்து வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று நினைத்தார். நான்கு பக்கமும் ஆட்கள். பஸ்டர் மைக்கை மேலே நீட்டினான்.

"அண்ணே! முப்பது வருஷம் காத்திருந்த நாள். சனிக்கிழமை மூணு மணிக்கு எங்க இருப்பீங்க? ஊருக்கே சொல்லுங்க!"

அவர் யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். வாய் அவரைக் கேட்கவில்லை. பழகிய வாய், பழகிய கூட்டம்.

"இது ஒரு கேள்வியாடா? மைதானத்துல! வேற எங்க இருப்பேன்?"

கூரை பறந்துவிடும்போல இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது நெல்டா அவரைப் பார்த்துவிட்டு, உள்ளறைக்குப் போய்விட்டாள். லானெட் சமையலறையில் நின்று மேசை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வானொலியை அப்போதுதான் அணைத்திருந்தார்கள்.

"லானெட், அங்க கூட்டம்மா. சும்மா வாய்ல வந்துருச்சு. நான் கல்யாணத்துக்குத்தான் வருவேன். ஆட்டம் எக்கேடும் கெட்டுப் போகட்டும்."

"ஆட்டத்துக்கும் போகலாம்ப்பா." அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. "போன வாரமே பாதிரியார்கிட்ட பேசிட்டோம். உள்ள வந்துட்டா காலைல பத்து மணிக்கு வச்சுக்கலாம்னு முடிவு. ப்ரைஸ் வீட்லயும் சரின்னுட்டாங்க. பதினோரு மணிக்கு எல்லாம் முடிஞ்சிரும். வர்றவங்களும் மைதானத்துக்குப் போயிரலாம்."

ஹார்லனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடி என் தங்கமே! இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் இந்த ஒரு வாரமா செத்துச் செத்துப் பொழச்சிருக்க வேண்டாமே?"

"உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு நான்தான் அம்மாகிட்ட சொன்னேன்."

"ஏம்மா?"

அவள் விரிப்பை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். கோபம் இல்லை.

"ரெண்டும் ஒரே நேரத்துல இருந்தா எதுக்கு வருவீங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சுப்பா. நானா கேக்கணும்னு இருந்தேன். பஸ்டர் கேட்டுட்டாரு."

ஹார்லன் கைநீட்டி அடுக்கின் ஓரத்தைச் சரிசெய்தார். அவள் அடுத்த விரிப்பை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். "பத்து மணி. ஒன்பதரைக்கே வந்துருங்க" என்றாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல.