ஏழு ஆடும் ஒரே வீடு

ஆட்டுக்கு டேப் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நெஞ்சுச் சுற்றளவு எடுக்கப் போனால் துப்பட்டாவைத் தின்னும். காதை அளக்கப் போனால் தலையை ஆட்டித் தொலைக்கும். திட்டிக்கொண்டேதான் அளப்பேன், திட்டுவதும் கொஞ்சலாகத்தான் வரும். எங்கள் வட்டாரத்து நாட்டு ஆடு தனி இனமா என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி.

அளவு எப்படியும் எடுத்துவிடலாம். ரத்தம்தான் சிக்கல். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஆடுகளிடம்தான் எடுக்க வேண்டும். தாயும் மகளும் கலந்துவிட்டால் மரபணு ஆய்வே பாழ். அதனால் ஓமந்தூரைச் சுற்றி ஊருக்கு ஓர் ஆடு என்று பன்னிரண்டு ஊர் அலைந்தேன். சந்தையில் வாங்கியதா என்று கேட்டால், எல்லாரும் இல்லை என்றார்கள். அப்படியானால் அந்தந்த வீட்டிலேயே பிறந்தது, ஒன்றுக்கொன்று சொந்தமில்லை என்று டிக் போட்டேன். கடைசி ஊரில் ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, பெருமையாக டீ குடித்தேன்.

அந்த வீட்டு அக்கா வயலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிவிட்டு வந்தவர். என் போனில் மற்ற ஊர் ஆடுகளின் படங்களைத் தள்ளிப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அவருடைய கிழ ஆட்டின் மகளாம், இது பேத்தியாம். அங்கே நான் ரத்தம் எடுத்த அந்தக் கிழ ஆட்டையும் சேர்த்து ஏழு, ஒரே வம்சம். மற்ற ஆறும் அவர் வாரத்துக்கு விட்டது. ஆடு இவருடையது, வளர்ப்பது வேறு ஆள், ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி.

யாருமே ஏன் சொல்லவில்லை என்று அவர்மேலேயே பாய்ந்தேன்.

"நீ கேக்கலியேம்மா" என்றார், கோபமே இல்லாமல். எந்தெந்த ஊரில் வேறு வம்சத்து ஆடு கிடைக்கும் என்றும் அவரேதான் சொல்லி அனுப்பினார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்டமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "உன்ன படிக்க வெச்சதே வாரத்து ஆடுதான். அத கேக்க உனக்கு வாய் வரலியா?" என்றார்.

வரவில்லைதான். நாங்கள் அடுத்தவர் ஆட்டை வளர்த்தவர்கள் என்று காலேஜில் ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. வெட்கம்.

மறுநாள் படிவத்தில் காது நீளத்துக்கு மேலே பேனாவால் எழுதினேன்: வாரத்து ஆடா? யாருடையது? முதல் வீட்டில் அதைக் கேட்பதற்கு முன்னால், எங்கள் வீட்டிலும் வாரத்து ஆடுதான் என்று சொன்னேன்.