மேலே போனால் யார் ஏறிப் பார்ப்பது?

விண்கல வேலை பார்ப்பவர்களிடம் யாரும் விண்கலத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஃப்யூஸ் போடத்தான் கூப்பிடுவார்கள். மின்பொறியியல் படித்துவிட்டு அக்கம்பக்கத்தாரிடம் மாட்டிக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்கு இது புதிதில்லை.

தெருவுக்கு ஒரு இன்ஜினீயர்

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே இன்ஜினீயரிங் முடித்த முதல் பெண் நான். பாஸானதற்கு மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். மறுநாளே எதிர்வீட்டு மேரி அக்கா, இஸ்திரிப் பெட்டி போட்டு ஃப்யூஸ் போய்விட்டதென்று வந்து நின்றார். ஸ்டூலில் ஏறிக் கம்பி கட்டினேன். அடுத்த வாரம் மறுபடியும். "பழைய ஒயரை மாத்துங்கக்கா" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு மாத்தணும்? அதான் ஸ்டெல்லா நீ கீறியே!"

அப்பாவின் கேள்வி

பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் நிரந்தர வேலை கிடைத்தது. அதே சமயம் பெங்களூரில் விண்கலம் செய்யும் இடத்திலிருந்தும் அழைப்பு. அது தற்காலிக வேலை. அவர்கள் அதுவரை ஒரு கலம்கூடச் செய்து முடித்ததில்லை. நான் பெங்களூர் என்றதும், ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். ரயிலேற்றிவிட வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"வின்ச்சு நின்னுபோனா நான் ஏறிப் பாப்பேன். நீ செய்ற சாமான் மேல போயி நின்னுபோனா எவன் ஏறிப் பாப்பான்?"

உதறல்

வழி நெடுக எனக்கு அப்பா மேல் கோபம். பதில் தெரியாததால் வந்த கோபம்தான்.

கலம் கட்டும் கூடத்தில் ஒரு பொட்டுத் தூசி ஆகாது. செருப்பைக் கழற்றி, குல்லாய் மாட்டி, வெள்ளை அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் கொடியில் காய்ந்த துணியை எவளாவது உதறாமல் போடுவாளா? ரயில் என்ஜின் கரி அப்பியிருக்குமே! பழக்கதோஷம், கூடத்துக்குள்ளேயே நின்று அங்கியைப் பட் பட்டென்று உதறிவிட்டேன். அன்று முழுக்க வேலை நின்றது. ஆளுக்கொரு துணியோடு துடைத்தோம். வந்த வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேலதிகாரி கூப்பிட்டார்.

"தூசியைக் கண்டா இவ்வளவு ஆகாத ஆள்தான் எனக்கு வேணும்மா. உதறறதை மட்டும் விட்டுடு."

ரிப்பேர்

பேட்டரிப் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு இணைப்பைப் பற்றவைக்கும்போதும் அப்பாவின் கேள்வி முதுகுக்குப் பின்னால் நிற்கும். சந்தேகம் தட்டினால் பிரித்து மறுபடி பற்றவைப்பேன். ஒன்று கெட்டால் அதன் வேலையைப் பார்க்க இன்னொன்றையும் உள்ளேயே வைத்தோம். சில வருஷம் கழித்துக் கலம் மேலே போய், முதல் சிக்னல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

லீவில் வந்து, "ஏறிப் பாக்க ஆளே வேணாம்பா, ஓடுது" என்றேன். அப்பா நேரே போய் வஞ்சிர மீன் வாங்கி வந்தார். சாயங்காலம் வாசலில் மேரி அக்கா: ஃப்யூஸ். நான் ஸ்டூலைத் தூக்கினேன். அப்பா குறுக்கே வந்தார்.

"இந்தாம்மா மேரி, எம்பொண்ணு கை வெச்சா ரிப்பேரே வராது. ரிப்பேருக்கு வேற ஆளப் பாத்துக்கோ!"

வஞ்சிரம் வறுபடும்போதே எங்கள் வீட்டு ஃப்யூஸும் போனது. அப்பா டார்ச் அடிக்க, ஸ்டூலில் ஏறிப் பார்த்தது வேறு யார், நான்தான்.